ஆபீஸ் ஸ்டேஷனரி டிஸ்ட்ரிபியூஷன் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் லைன், அப்புறம் பாக்கி, அதற்கும் அப்புறம்தான் அடுத்த ஊர்

"டீலர்ஷிப் எடுத்தாச்சுண்ணே, குடோனுக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு, இனி எங்க விக்கிறதுன்னு சொல்லுங்க" என்று அடிக்கடி எனக்கு போன் வருகிறது. வரிசை தலைகீழாக இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அட்வான்ஸ் கொடுத்த பணம் திரும்பாது. மதுரையில் ஒரே ஒரு ரோட்டில் பேப்பரும் ஃபைலும் போட ஆரம்பித்து இன்று பக்கத்து மாவட்டங்கள் வரை போகிற ஆள் என்ற முறையில், எந்த வேலையை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயர்கள் மதுரைப் பக்கத்தவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: நடப்பது

கம்பெனி ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் ஏதாவது ஒரு ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்துவிடுங்கள். பைபாஸ் ரோடு என்றால் காளவாசலில் ஆரம்பித்து வங்கி, ஆடிட்டர் ஆபீஸ், ஸ்கேன் சென்டர், ஸ்கூல், பைக் ஷோரூம், சீட்டுக் கம்பெனி, இன்சூரன்ஸ் கிளை என்று கண்ணில் படுவதையெல்லாம் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் நாலு விஷயம் தெரிய வேண்டும்: என்ன பிரிண்டர் வைத்திருக்கிறார்கள், மாதம் எத்தனை ரீம் (500 தாள் கட்டு) பேப்பர் ஓடுகிறது, இப்போது யாரிடம் வாங்குகிறார்கள், பணம் எத்தனை நாளில் கொடுக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். அங்கே தண்ணீர் கேன் போடுகிற பையனிடம் கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் அப்போதே கவனியுங்கள். ஒரு ஆபீஸில் 'பேப்பர் தீர்ந்துடுச்சு' என்று சொல்பவர் ஒருவர், ஆர்டரில் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர், செக் எழுதுபவர் மூன்றாவது ஆள். புதிதாக வருகிறவர்கள் கையெழுத்துப் போடுகிறவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பேப்பர் தீர்ந்ததைச் சொல்லுகிற அட்டெண்டர் அண்ணனும், செக் எழுதுகிற அக்கவுண்ட்ஸ் அம்மாவும்தான் உங்கள் வியாபாரத்தை ஓட்டப் போகிறவர்கள், அவர்கள் பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படி நடந்து எழுதியதில் அறுபது எழுபது இடம் சேர்ந்தால் ஒரு லைனுக்குப் போதும். லைன் என்றால் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட கிழமை உங்கள் வண்டி போகிற பாதை. சேரவில்லையென்றால் அந்த ரோட்டை விட்டுவிட்டு வேறு ரோட்டில் நடங்கள்.

சரக்கு: நாற்பது ஐட்டம், அதற்கு மேல் வேண்டாம்

இந்தத் தொழிலில் முக்கியச் சரக்கு ஏ4 காப்பியர் பேப்பர். அதில் லாபம் மிகக் குறைவு, ரீமுக்குச் சில ரூபாய்தான் நிற்கும், ஆனால் பேப்பர் கொடுக்காதவனை ஆபீஸ்காரர்கள் நினைவிலேயே வைத்துக்கொள்ள மாட்டார்கள். பேப்பர்தான் உங்களை மாதா மாதம் உள்ளே அழைத்துப் போகிற சரக்கு. லாபம் அதோடு கூடப் போகிற ஃபைல், பாக்ஸ் ஃபைல், பேனா, ஸ்டேப்ளர் பின், பசை, டேப், கவர், பில் ரோல் இவற்றில் இருக்கிறது.

நம் ஊருக்குப் பேப்பர் வெகு தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து பேப்பர் எடுக்கிற அரசு ஆலை டிஎன்பிஎல் இருக்கிறது, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி பேப்பர் இருக்கிறது. இவற்றோடு ஜேகே மாதிரி வடக்கிலிருந்து வருகிற பிராண்டும் கேட்பார்கள். ஆரம்பத்தில் இரண்டு பிராண்ட் போதும், ஒன்று விலை குறைந்த 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஒன்று நல்ல 75 ஜிஎஸ்எம். நோட்டு, ரிஜிஸ்டர், டைரி எல்லாம் சிவகாசி. ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள், பைண்டிங் எங்கே விடுகிறது, பக்கத்தில் எத்தனை கோடு, அட்டை எவ்வளவு கனம் என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்கினால்தான் பின்னால் ரிட்டர்ன் வராது. சின்னச் சின்ன சாமான்களுக்குச் சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும் இருக்கின்றன, ஆனால் லாரி வாடகை சேர்த்தால் உங்கள் ஊர் மொத்தக்கடை விலைக்கே வந்து நிற்பது நிறைய உண்டு, கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

எந்தெந்த ஐட்டம் என்பதை உங்கள் ரோடுதான் சொல்லும். கோர்ட் பக்கம் என்றால் லீகல் சைஸ் பேப்பர், டாக்கெட் ஷீட், நாடா. அரசு அலுவலகம் பக்கம் என்றால் ஃபைல் பேட், டேக், குண்டூசி, நீளவாட்டு ரிஜிஸ்டர். வங்கியில் இன்றைக்கும் அரக்கு கேட்கிற கிளை இருக்கிறது. மருந்துக்கடையும் சூப்பர் மார்க்கெட்டும் உள்ள ரோடு என்றால் இரண்டு இஞ்ச், மூன்று இஞ்ச் தெர்மல் ரோல்தான் ஓடும்.

டோனரில் மட்டும் அவசரப்படாதீர்கள். எச்பி லேசர் பிரிண்டருக்கான 12ஏ, 88ஏ மாதிரி எல்லா இடத்திலும் ஓடுகிற ஒன்றிரண்டு நம்பரைத் தவிர மற்றதை ஆர்டர் வந்த பிறகு வாங்கிக் கொடுங்கள். ஒரு ஆபீஸ் பிரிண்டரை மாற்றினால் உங்கள் அலமாரியில் இருக்கிற டோனரை வேறு யாருமே வாங்க மாட்டார்கள். ஒரிஜினல் எது, கம்பாட்டிபிள் (வேறு கம்பெனி செய்தது) எது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். டைரிக்கும் இதே எச்சரிக்கை உண்டு, பொங்கல் முடிந்த மறுநாள் அதை எடைக்குத்தான் போட முடியும்.

பதிவும் வரியும்

சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் வருட விற்பனை 40 லட்சம் தாண்டாத வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனாலும் ஆபீஸ்களுக்குச் சப்ளை செய்யப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே எடுத்துவிடுங்கள். காம்போசிஷன் முறையிலும் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற முறை) போகாதீர்கள், அதில் உங்கள் பில்லை வைத்து அவர்கள் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைப் பட்டியலைப் போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் விட்டால், அந்த மாதம் நீங்கள் பில் போட்ட எல்லா அக்கவுண்டண்ட்டும் போன் செய்வார்கள், பாக்கியையும் நிறுத்தி வைப்பார்கள்.

2025 செப்டம்பர் 22-லிருந்து வரி விகிதம் மாறியதில் நம் தொழிலில் ஒரு குழப்பம் வந்தது. பள்ளி நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னருக்கு வரி இல்லை. காப்பியர் பேப்பர் 12 சதவீதத்திலிருந்து 18-க்குப் போனது. பேனா பழையபடி 18. நோட்டுக்கு வரி கிடையாது என்பதால் ரிஜிஸ்டரையும் அதே வரியில் பில் போட்டுவிடாதீர்கள், ரிஜிஸ்டரும் கணக்குப் புத்தகமும் 18-ல் இருக்கின்றன. வரி இல்லாத சரக்கும் வரி உள்ள சரக்கும் கலந்து விற்கும்போது வாடகை, வண்டி போன்ற பொதுச் செலவுகளில் நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்ட வரியில் ஒரு பங்கை அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், இதை ஆடிட்டரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள், மூன்று வருடம் கழித்து நோட்டீஸ் வந்த பிறகு கேட்டால் வட்டியும் சேர்ந்து நிற்கும்.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள சரக்கு, வெளி மாநிலம் என்றால் 50,000-க்கு மேல், இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கிற சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். பேப்பர் லோடு லட்சத்தைச் சட்டென்று தாண்டிவிடும்.

குடோன்

ரோட்டை ஒட்டியிருக்க வேண்டியதில்லை, வாடகை குறைந்த சந்தில் இருக்கலாம், ஆனால் தரை காய்ந்திருக்க வேண்டும். இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு கல்லூரிக்குப் பத்துப் பெட்டி பேப்பர் இறக்கிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபீஸ் கிளார்க் போன். "அண்ணே, நேத்து வந்த பேப்பர் ரெண்டு ரெண்டா இழுக்குதுண்ணே, பாதியில சிக்கிக்குது. இன்னைக்கு இன்டர்னல் எக்ஸாம், கொஸ்டின் பேப்பர் இன்னும் ஓட்டல." நான் போய்ப் பார்த்தபோது மெஷின் பக்கக் கதவைத் திறந்து வைத்து, கசங்கின தாளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். ரீமைக் கையில் எடுத்தால் ஓரம் அலை அலையாக வளைந்திருந்தது. என் குடோனில் அந்தப் பெட்டிகள் சுவரோடு ஒட்டி வெறும் தரையில் கிடந்தவை, சிலவற்றில் ரீம் உறையும் கிழிந்திருந்தது. வேறு இடத்தில் கடனுக்கு வாங்கி எட்டரை மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய பத்துப் பெட்டியில் நல்லதைப் பொறுக்கி நான்தான் பில் புத்தகம் அடிக்கிறவருக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன்.

அன்றிலிருந்து இதுதான் முறை: தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரப்பலகை, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி, உறை கிழிந்த ரீம் தனி அலமாரி, முதலில் வந்த பெட்டி முதலில் வெளியே. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துச் சுவர் ஓரம் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் இருக்கிற பெட்டி நசுங்குகிற அளவுக்கு அடுக்கவும் கூடாது.

வண்டியும் லைனும்

ஏ4, 75 ஜிஎஸ்எம், 500 தாள் உள்ள ஒரு ரீம் கிட்டத்தட்ட 2.34 கிலோ. பத்து ரீம் பெட்டி அட்டையோடு 24 கிலோவுக்குப் பக்கம் வரும். 750 கிலோ தாங்குகிற குட்டியானையில் முப்பது பெட்டி ஏற்றினால் வண்டி பாதி காலியாகத் தெரியும், ஆனால் எடை முடிந்துவிட்டது. பாக்ஸ் ஃபைல் ஏற்றினால் நேர்மாறு, இடம் நிரம்பிவிடும், எடை இருக்காது. ஆகையால் ஒவ்வொரு நடையிலும் இரண்டையும் கலந்து ஏற்றுங்கள், ஒரே டீசலில் கனமும் கொள்ளளவும் இரண்டும் பயன்படும். லாபமே இந்தக் கலவையில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

வாரத்தை லைனாகப் பிரித்துவிடுங்கள். திங்கள் பைபாஸ் ரோடு, செவ்வாய் கே.கே. நகர், அண்ணா நகர், புதன் ஒத்தக்கடை வழியாக மேலூர், வியாழன் திருமங்கலம், வெள்ளி வசூல் மட்டும், சனி குடோன் இருப்பு எண்ணுவது. திங்கள்கிழமை லைனில் இருக்கிற ஆபீஸ் புதன்கிழமை போன் செய்து இரண்டு ரீம் கேட்டால் என்ன செய்வது? ஆரம்பத்தில் நான் பைக்கில் ஓடினேன், எல்லோரும் ஓடுவார்கள். ஆறு மாதத்தில் வாடிக்கையாளர்களே உங்கள் கிழமைக்குப் பழகிவிடுவார்கள், "உங்க வண்டி திங்கக்கிழமைதானே வரும், நாலு ரீம் சேர்த்தே போட்டுடுங்க" என்பார்கள். அந்த வார்த்தை வருகிறதென்றால் லைன் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை பொறுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

டெலிவரி சலானில் சீலும் கையெழுத்தும் வாங்காமல் ஒரு பேனாகூட இறக்காதீர்கள். வாங்கியவர் பெயரை அடைப்புக்குறிக்குள் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், வெறும் கோணல் கையெழுத்தை வைத்துக்கொண்டு நாலு மாதம் கழித்து "இந்தச் சரக்கு இங்க வரவே இல்லையே" என்பதற்குப் பதில் சொல்ல முடியாது.

பாக்கி: இங்கேதான் கம்பெனிகள் நின்றுவிடுகின்றன

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். விற்பனை ஏறினால் கையில் காசு ஏறும் என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்தத் தொழிலில் விற்பனை ஏற ஏறக் கையில் காசு குறையும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மாதம் 10 லட்சம் விற்கிறீர்கள். ஆபீஸ்கள் சராசரியாக 60 நாளில் பணம் தருகின்றன, அதாவது எப்போதும் 20 லட்சம் வெளியே நிற்கிறது. குடோனில் ஒரு மாத இருப்பு 9 லட்சம். நீங்கள் சரக்கு வாங்குகிற இடத்தில் உங்களுக்கு 15 நாள் கடன், அது நாலரை லட்சம். ஆக 24.5 லட்சம் உங்கள் சொந்தப் பணமோ வங்கிப் பணமோ இதில் புதைந்திருக்க வேண்டும். செலவெல்லாம் போக மாதம் 30,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், விற்பனையை இரட்டிப்பாக்கத் தேவையான இன்னொரு 24.5 லட்சத்தை லாபத்திலிருந்து சேர்க்க ஆறே முக்கால் வருடம் ஆகும். இதே வசூல் 60 நாளிலிருந்து 35 நாளுக்கு வந்தால்? வெளியே நிற்பது 11.7 லட்சம்தான். எட்டு லட்சத்துக்கு மேல் கைக்கு வருகிறது, ஒரு ரீம்கூட கூடுதலாக விற்காமல். அடுத்த ஊருக்கான முதல் அதில்தான் கிடக்கிறது, வங்கி மேனேஜரிடம் போய் நிற்பதற்கு முன்னால் அதை எடுங்கள்.

எப்படி எடுப்பது? வாடிக்கையாளரை மூன்றாகப் பிரியுங்கள். 30 நாளில் தருகிறவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், 'சீக்கிரம் தருகிறீர்கள் அதனால்' என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள். 60 நாள்காரருக்கு வழக்கமான விலை. 90 தாண்டுகிறவருக்குப் பழைய பில்லில் ஒன்று முடிந்தால்தான் புது பில், பெரிய பெயராக இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை வசூலுக்கு ஒரே ஆள்தான் போக வேண்டும், ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் பில் வாரியாக நாள் கணக்குப் பட்டியல் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள், "மொத்தம் எவ்வளவு பாக்கி" என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள், "ஆடி மாசத்துல 214-ம் நம்பர் பில் ஒண்ணு நிக்குது மேடம், அதை மட்டும் முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றால் முடித்துக் கொடுப்பார்கள். அனுபவத்தில் சொல்கிறேன், கோபப்பட்டு வசூலித்த பணத்தைவிட தவறாமல் போய் நின்று வசூலித்த பணம்தான் எனக்கு அதிகம். செக் திரும்பினால் மட்டும் நாள் கடத்தாதீர்கள், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயாக வேண்டும், அது கிடைத்து 15 நாளில் பணம் வரவில்லையென்றால்தான் வழக்குக்கே வழி.

ஒரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்துவிட்டால் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். 2021-ல் வியாபாரிகளுக்கும் அந்தப் பதிவைத் திறந்துவிட்டது வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டும்தான், தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருகிறவருக்கும்தான் உண்டு. அதே நேரத்தில் நாம் நோட்டு வாங்குகிற சிவகாசிக்காரர் சிறு உற்பத்தியாளர், அவருக்கு நாம் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31-ல் நிற்கிற பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட வருமான வரியில் இடமில்லை, 2023 நிதிச் சட்டத்தில் வந்த விதி அது. வருகிற பணத்துக்குச் சட்டத்தின் கெடு இல்லை, போகிற பணத்துக்கு உண்டு. ஆகவே சப்ளையரோடு 45 நாள் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வாடிக்கையாளரோடு அதைவிடக் குறைந்த நாளை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

அரசு அலுவலகங்கள் சரக்கு வாங்குகிற ஜெம் (GeM) இணையதளத்தில் பதிவு செய்து வைப்பது நல்லது, ஆனால் முதல் வருடம் அதை நம்பி இறங்காதீர்கள். குறைந்த விலையில் ஆர்டர் பிடித்து, பணம் தள்ளிப்போனால் உங்கள் சின்ன முதல் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது ஊர்

முதல் ஊரில் எல்லா லைனும் நிரம்பி, வசூல் 40 நாளுக்குள் வந்து, நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாமலும் வண்டி கிளம்புகிறது என்றால் வெளியே போகலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் போகாதீர்கள். திண்டுக்கல் எங்களுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், முதலில் குடோன் எடுக்கவில்லை, வாரம் ஒரு நாள் வண்டி மட்டும் போய்வந்தது. வழியில் வாடிப்பட்டி, கொடைரோடு ஆபீஸ்களையும் சேர்த்துக்கொண்டதால் டீசல் கட்டுப்படியானது. அங்கே அறுபது வாடிக்கையாளர் சேர்ந்த பிறகுதான் சின்னதாக ஒரு ரூம் பிடித்தோம்.

ஊர் மாறினால் சரக்கும் மாறும். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்கள், அங்கே ஷிஃப்ட் ரிஜிஸ்டரும் கேட் பாஸ் புத்தகமும் ஓடும். போடியில் ஏலக்காய் வியாபாரிகள், அவர்களுக்குப் பில் புத்தகமும் கணக்கு லெட்ஜரும் வேண்டும். மதுரைப் பட்டியலை அப்படியே கொண்டுபோனால் பாதி திரும்பி வரும், அங்கும் முதலில் நோட்டோடு நடந்தே ஆக வேண்டும்.

ஆள் எடுக்கும்போது அந்த ஊர்க்காரரையே எடுங்கள். எங்கள் திண்டுக்கல் லைனைப் பார்க்கிற தம்பி முன்பு அங்கேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவர், எந்த ஆபீஸில் எந்த மெஷின் என்று அவருக்கு மனப்பாடம். விற்பனைக்கு மட்டும் கமிஷன் கொடுத்தால் பாக்கி ஏறும், அதனால் அவருக்குக் கமிஷனை வசூலான தொகையில்தான் கணக்குப் போடுகிறோம்.

நீங்கள் எந்த மாதத்தில் தொடங்கினாலும் பிப்ரவரி கடைசிக்குள் கையில் ஸ்டாக் இருக்கட்டும். மார்ச்சில் எல்லா ஆபீஸும் மிச்ச பட்ஜெட்டைச் செலவழிக்கும், ஏப்ரல் 1-க்குப் புதுக் கணக்குப் புத்தகம், ஃபைல், லேபிள் கேட்கும், ஜூன் முதல் வாரத்துக்குள் பள்ளிகள். மார்ச் ஆர்டரில் 31-ம் தேதிக்குள் பில்லும் சரக்கும் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், ஒரு நாள் தப்பினாலும் அந்தப் பணம் அடுத்த பட்ஜெட் வரும் வரை காத்திருக்கும், அதனால் 25-ம் தேதிக்கு மேல் வருகிற ஆர்டரை வண்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.